‘கம்ப்ளீட்டட்’ என்றால் முடிந்ததா? பேக்கப் செஷன்களையும் ஸ்கிரிப்ட்களையும் கையாள முழுமையான வழிகாட்டி

கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரி சேதராப்பட்டிலோ ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் சர்வர் அறையை எடுத்துக்கொள்வோம். கணக்கு, கையிருப்பு, உற்பத்தி எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் இஆர்பி மென்பொருளின் டேட்டாபேஸ், ஒரு ஃபைல் சர்வர், ஆய்வகக் கருவிகள் கொட்டும் தரவு, மூலையில் பேக்கப் டேப்களைத் தானே மாற்றி எழுதும் ஒரு டேப் லைப்ரரி. பேக்கப் மென்பொருளை யாரோ சில வருடங்களுக்கு முன்னால் நிறுவிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். இரவில் அது தன்பாட்டுக்கு ஓடும், காலையில் ஒரு மெயில் வரும். பச்சையாக இருந்தால் மூடிவிடுவோம், சிவப்பாக இருந்தால் யாருக்காவது ஃபார்வர்டு செய்வோம். பெரும்பாலான இடங்களில் பேக்கப் நிர்வாகம் என்பது இவ்வளவுதான்.

அந்தப் பச்சைக்குப் பின்னால் என்ன நடக்கிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம், இரவில் யாரும் விழித்திருக்காமலே செஷன்கள் ஒழுங்காக ஓட ஸ்கிரிப்ட்களை எப்படி எழுதுவது என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம். உதாரணங்களை டேட்டா ப்ரொடெக்டரிலிருந்து எடுத்திருக்கிறேன். எச்பியிடம் ஆம்னிபேக் என்ற பெயரில் இருந்து, 2017-இல் மைக்ரோ ஃபோகஸ் கைக்கும் 2023-இல் ஓப்பன்டெக்ஸ்ட் கைக்கும் போன அதே மென்பொருள்தான். நெட்பேக்கப், வீம், பாக்குலா என்று வேறு எதை வைத்திருந்தாலும் பெயர்கள் மாறுமே தவிர பிரச்சினைகள் ஒன்றுதான்.

முதல் படி: ஒரு செஷனுக்குள் யார் யார் வேலை செய்கிறார்கள்?

ஒரு பேக்கப் ஸ்பெசிஃபிகேஷன் ஒருமுறை ஓடினால் அது ஒரு செஷன். எந்தச் சர்வரில், எந்த ஃபோல்டரை, எந்த டிரைவுக்கு, எத்தனை நாள் பாதுகாப்போடு எழுத வேண்டும் என்பதெல்லாம் ஸ்பெசிஃபிகேஷனில் இருக்கும். செஷன் அதன் ஒரு நாள் ஓட்டம்.

ஓடும்போது நான்கு பேர் களத்தில் இருக்கிறார்கள். மொத்தத்தையும் ஆளுவது செல் மேனேஜர். அது அந்தச் செஷனுக்கென்று ஒரு செஷன் மேனேஜரைக் கிளப்பும். தரவு இருக்கும் சர்வரில் டிஸ்க் ஏஜென்ட் படிக்கும். டேப் டிரைவோ டிஸ்க் லைப்ரரியோ மாட்டியிருக்கும் சர்வரில் மீடியா ஏஜென்ட் எழுதும். எந்த ஃபைல் எந்த டேப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற கணக்கு செல் மேனேஜரின் உள் டேட்டாபேஸில் பதிவாகும். இந்த நால்வரில் யார் சறுக்கினார் என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி.

ஒவ்வொரு செஷனுக்கும் தேதியும் வரிசை எண்ணும் சேர்ந்த ஓர் அடையாளம் உண்டு. 2024/11/30-7 என்றால் அன்றைக்கு ஆரம்பித்த ஏழாவது செஷன். ரெஸ்டோர், காப்பி வேலைகளுக்கும் இதே வரிசையில்தான் எண் விழும். செஷன் நள்ளிரவைத் தாண்டி ஓடினாலும் ஆரம்பித்த நாளின் தேதிதான் எண்ணில் இருக்கும். ஸ்கிரிப்ட் எழுதும்போது இது எப்படிக் காலை வாரும் என்று கீழே வருகிறது.

இரண்டாம் படி: நிலையைப் படிக்கக் கற்றுக்கொள்வது

முடிந்த செஷனின் நிலை ஐந்தில் ஒன்றாக இருக்கும்: கம்ப்ளீட்டட், கம்ப்ளீட்டட்/எரர்ஸ், கம்ப்ளீட்டட்/ஃபெயிலியர்ஸ், ஃபெயில்டு, அபார்ட்டட். முதலாவதையும் கடைசி இரண்டையும் எல்லோரும் சரியாகவே படிக்கிறார்கள். கோட்டை விடுவது நடுவில் இருக்கும் இரண்டில்தான்.

கம்ப்ளீட்டட்/எரர்ஸ் என்றால் ஏஜென்ட்கள் எல்லாம் வேலையை முடித்துவிட்டன, ஆனால் சில ஃபைல்களைப் படிக்க முடியவில்லை. யாரோ எக்செல் ஷீட்டைத் திறந்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். கம்ப்ளீட்டட்/ஃபெயிலியர்ஸ் என்றால் ஏதோ ஓர் ஆப்ஜெக்ட், அதாவது ஒரு முழு டிரைவோ மவுன்ட் பாயின்ட்டோ, பேக்கப் ஆகவே இல்லை. பத்து சர்வரில் ஒன்பது எழுதப்பட்டிருக்கும். விடுபட்ட பத்தாவது உங்கள் இஆர்பி சர்வராக இருக்கலாம். மெயிலின் தலைப்பில் இரண்டுமே ‘கம்ப்ளீட்டட்’ என்றுதான் தொடங்கும் என்பதால் கண் வழுக்கிவிடும்.

கம்ப்ளீட்டட்/எரர்ஸைத் தினமும் பார்த்துப் பழகிப்போவது இதைவிடப் பெரிய ஆபத்து. வழக்கமாகப் பூட்டியிருக்கும் நான்கு ஃபைல்களுக்காக மஞ்சள் காட்டும் ஒரு செஷன், ஒரு நாள் டேட்டாபேஸின் டேட்டா ஃபைலையே விட்டுவிட்டும் அதே மஞ்சளைத்தான் காட்டும். அந்த நான்கு ஃபைல்கள் தேவையில்லாதவை என்றால் விலக்குப் பட்டியலில் போட்டுவிடுங்கள். தேவை என்றால் விண்டோஸில் விஎஸ்எஸ் வசதி வழியாக அந்த நொடியின் நகலை (ஸ்னாப்ஷாட்) எடுத்துப் படிக்க வையுங்கள். சாதாரண நாளில் செஷன் முழுப் பச்சையாக வந்தால்தான் மஞ்சள் வரும் நாளில் அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கும்.

செஷன் அறிக்கையில் ஒவ்வொரு செய்திக்கும் நார்மல், வார்னிங், மைனர், மேஜர், கிரிட்டிக்கல் என்று ஒரு தரம் இருக்கும். நீளமான அறிக்கையை மேலிருந்து கீழாகப் படிக்க யாருக்கும் நேரம் இல்லை. மேஜர், கிரிட்டிக்கல் இரண்டையும் தேடுங்கள், அவற்றில் நேரத்தால் முதலில் வந்ததைப் பிடியுங்கள். அதற்குப் பிறகு வரிசையாகக் கொட்டுவதெல்லாம் பெரும்பாலும் அந்த முதல் அடியின் விளைவுதான். கடைசிச் செய்தியை மட்டும் வெட்டி சப்போர்ட்டுக்கு அனுப்பும் பழக்கத்தால் எத்தனை டிக்கெட்கள் இழுத்தடிக்கப்படுகின்றன என்று சொல்லி மாளாது.

மூன்றாம் படி: ஓடிக்கொண்டிருக்கும் செஷனைக் கவனிப்பதும் நிறுத்துவதும்

கட்டளை வரியில் ஆம்னிஸ்டாட் என்று அடித்தால் இப்போது ஓடும் செஷன்கள் வரிசையாக வரும். முடிந்தவற்றின் விவரத்துக்கு ஆம்னிடிபி, நிறுத்த ஆம்னிஅபார்ட். திரையில் மவுஸ் வைத்துச் செய்வதையெல்லாம் இந்த மூன்றாலும் செய்யலாம், ஸ்கிரிப்ட்டிலும் சேர்க்கலாம். மூன்றையும் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

இரவுப் பணி ஆப்பரேட்டரிடமிருந்து வரும் ஃபோன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“அண்ணே, ஒன்பதாம் நம்பர் செஷன் ரெண்டு மணி நேரமா அப்படியே நிக்குது. அபார்ட் பண்ணிடட்டுமா?”

“இரு தம்பி. டேப் கேட்டுக்கிட்டு நிக்குதா, க்யூவுல நிக்குதா, அதை மொதல்ல பாரு.”

அபார்ட்டில் கை வைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மவுன்ட் ரிக்வெஸ்ட் என்று காட்டினால் செஷனுக்கு ஒரு குறையும் இல்லை. எழுதத் தகுந்த டேப் லைப்ரரியில் இல்லை, அவ்வளவுதான். அந்த வேலைக்கு ஒதுக்கிய டேப் தொகுப்பில் (பூல்) இருந்து டேப்பைப் போட்டு உறுதி சொன்னால் விட்ட இடத்திலிருந்து ஓடும். க்யூயிங் என்று காட்டினால் வேறொரு செஷன் டிரைவைப் பிடித்துவைத்திருக்கிறது. இந்தக் காத்திருப்புக்கு இயல்பான வரம்பு 60 நிமிடம், அதற்குள் டிரைவ் கிடைக்காவிட்டால் செஷன் தானே விழுந்துவிடும். இந்த வரம்பை உலகளாவிய அமைப்பில் கூட்டலாம். இரண்டு பெரிய செஷன்களை ஒரே டிரைவுக்கு ஒரே நேரத்தில் ஷெட்யூல் செய்துவிட்டு வரம்பைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, இரண்டாவதன் தொடக்க நேரத்தைத் தள்ளி வைப்பதுதான் நல்லது.

இரண்டும் இல்லாமல், ஓடுகிறது என்று காட்டியும் நகராமல் நின்றால், ஆப்ஜெக்ட்டின் எழுதப்பட்ட அளவைக் குறித்துக்கொண்டு பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர் நத்தை மாதிரிதான் நகரும், அது கோளாறு கிடையாது. அளவு அசையவே இல்லை, அந்தச் சர்வரும் பதில் சொல்லவில்லை என்றால் மட்டும் அபார்ட். முதலில் மென்பொருளின் வழியே நிறுத்துங்கள், கொஞ்சம் பொறுங்கள். அப்புறமும் அடங்காவிட்டால் அந்தக் குறிப்பிட்ட ஏஜென்ட் ப்ராசஸைப் போய்ப் பாருங்கள். எடுத்தவுடன் செல் மேனேஜரில் செஷன் மேனேஜர் ப்ராசஸைக் கொன்றால் டிரைவ் பூட்டியபடியே கிடக்கும், அடுத்த செஷனும் சேர்ந்து மாட்டும்.

தோற்ற ஆப்ஜெக்ட்களை மட்டும் மறுபடி ஓட்டும் வசதி முடிந்த செஷனின் மெனுவிலேயே இருக்கிறது. பத்து சர்வரில் ஒன்று விட்டதற்காகப் பத்தையும் திரும்ப எழுதி டேப்பை வீணாக்க வேண்டாம்.

நான்காம் படி: முன் ஸ்கிரிப்ட் எழுதுவது

விஷயம் சூடு பிடிப்பது இங்கேதான். ஒரு பேக்கப்புக்கு முன்னால் ஓடுவது ப்ரீ-எக்ஸெக், பின்னால் ஓடுவது போஸ்ட்-எக்ஸெக். ஸ்பெசிஃபிகேஷன் முழுவதற்கும் ஒரு ஜோடி வைக்கலாம், தனித்தனி ஆப்ஜெக்ட்டுக்கும் வைக்கலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்பெசிஃபிகேஷன் அளவிலான முன் ஸ்கிரிப்ட் தோற்றால் செஷனே கலைந்துவிடும். ஆப்ஜெக்ட் அளவில் தோற்றால் அந்த ஆப்ஜெக்ட் மட்டும் விடுபடும், மற்றவை ஓடும். ஒரு மைஎஸ்க்யூஎல் டம்ப் (டேட்டாபேஸை ஒரு ஃபைலாக இறக்கும் வேலை) தோற்றதற்காக ஃபைல் சர்வர் பேக்கப்பும் நிற்க வேண்டுமா என்று யோசித்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வேண்டாம் என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும்.

ஸ்கிரிப்ட்டை எங்கே வேண்டுமானாலும் போட்டுவிட முடியாது. யூனிக்ஸ், லினக்ஸ் கிளையன்ட்டில் ஆம்னி நிறுவலின் ‘எல்பின்’ (lbin) அடைவில், விண்டோஸில் நிறுவலின் ‘பின்’ (bin) அடைவில் இருக்க வேண்டும். விண்டோஸில் பேட், சிஎம்டி, இஎக்ஸ்இ வகைகளை மட்டும்தான் நேரடியாக ஏற்கும். பவர்ஷெல்லில் எழுதினால் அதை அழைக்க ஒரு குட்டி பேட் ஃபைல் தேவை.

ஸ்கிரிப்ட்டுக்கும் மென்பொருளுக்கும் நடுவே ஒரே ஒரு பாஷைதான் இருக்கிறது: வெளியேறும் எண். 0 என்றால் எல்லாம் சரி, வேறு எதுவானாலும் தோல்வி. ஸ்கிரிப்ட் உள்ளே எவ்வளவு கதறி அழுதிருந்தாலும் கடைசியில் ‘எக்ஸிட் 0’ என்று சொல்லிவிட்டால் செஷன் மேனேஜர் நம்பிவிடும். அதனால் முன் ஸ்கிரிப்ட்டைப் பரிசோதிக்கும்போது நான் முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான். அங்கே நிபந்தனை எதுவும் இல்லாமல் ‘எக்ஸிட் 0’ இருந்தால், யாரோ ஒரு நாள் சிவப்பைப் பார்த்து எரிச்சலாகி அதைப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு நிஜ வேலையையே எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் சர்வரில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். அதை டம்ப் எடுத்து, ஜிசிப்பால் சுருக்கி, ஒரு ஃபோல்டரில் வைத்தால் பேக்கப் அந்த ஃபோல்டரை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலோர் எழுதுவது ஒரே வரி: டம்ப் கட்டளை, குழாய்க் குறி, ஜிசிப், ஃபைல் பெயர். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஷெல்லில் குழாயால் இணைத்த வரிசைக்கு வெளியேறும் எண் கடைசிக் கட்டளையுடையது. பாஸ்வேர்டு காலாவதியாகி டம்ப் முதல் நொடியிலேயே செத்துப்போனாலும், ஜிசிப் தனக்கு வந்த ஒன்றுமில்லாததை அழகாகச் சுருக்கிவிட்டு 0 என்று சொல்லும். சில பைட் அளவில் ஒரு ஃபைல் உருவாகும். பேக்கப் அதைக் கவனமாக டேப்பில் எழுதும். காலையில் பச்சை. இப்படி மாதக்கணக்கில் ஓடலாம், யாராவது ரெஸ்டோர் கேட்கும் வரை.

இதைச் சரி செய்யும் முறை:

1. பாஷ் ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் பைப்ஃபெயிலை இயக்குங்கள். குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் மொத்த வரிசையும் தோற்றதாகக் கணக்காகும்.

2. டம்ப்பை முதலில் தற்காலிகப் பெயரில் எழுதுங்கள். வெற்றி என்று தெரிந்த பிறகே உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். பாதியில் நின்ற ஃபைல் முழு ஃபைல் மாதிரி வேஷம் போட முடியாது.

3. மைஎஸ்க்யூஎல்டம்ப் இயல்பாகத் தன் வேலையை முழுதாக முடித்தால் கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்று தேதியோடு ஆங்கிலத்தில் எழுதும். சுருக்கிய ஃபைலைத் திறந்து அந்த வரி இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட்டே பார்க்கட்டும். இல்லையென்றால் 0 தவிர வேறு எண்ணோடு வெளியேறட்டும்.

4. பாஸ்வேர்டைக் கட்டளை வரியில் எழுதாதீர்கள், ப்ராசஸ் பட்டியலில் தெரிய வாய்ப்பு உண்டு. உரிமையாளர் மட்டும் படிக்கும்படி 600 அனுமதியோடு ஒரு அமைப்பு ஃபைலில் வையுங்கள்.

5. எல்லாக் கட்டளைகளுக்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். நீங்கள் லாகின் செய்து ஓட்டும்போது கிடைக்கும் சூழல் ஏஜென்ட் ஓட்டும்போது இருக்காது. ‘கையால ஓட்டினா ஓடுது சார், ராத்திரி மட்டும் ஓடல’ என்ற புகாரில் பெரும்பகுதிக்கு இதுதான் காரணம்.

விண்டோஸில் இதன் மறுபக்கம் இருக்கிறது. விண்டோஸின் காப்பிக் கட்டளையான ரோபோகாப்பி 0 சொன்னால் எதையும் காப்பி செய்யத் தேவை இருக்கவில்லை என்று பொருள், 1 சொன்னால் ஃபைல்கள் நன்றாகவே காப்பி ஆகின என்று பொருள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் கோளாறு. அந்த எண்ணை அப்படியே வெளியே விட்டால், காப்பி வெற்றி பெற்ற நாளில் எல்லாம் செஷன் கலையும். 8-ஐவிடக் குறைவா என்று பார்த்து 0-ஆக மாற்றித் தர வேண்டும். இதைத் தெரியாமல்தான் பல இடங்களில் அந்த நிபந்தனையற்ற ‘எக்ஸிட் 0’ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்து நேரம். ஸ்கிரிப்ட் எவ்வளவு நேரமும் ஓடலாம், ஆனால் வாயே திறக்காமல் ஓடக் கூடாது. இயல்பான அமைப்பில் 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது ஒரு வரியை வெளியிட வேண்டும். இல்லாவிட்டால் தொங்கிவிட்டது என்று எண்ணி செஷன் கலைக்கப்படும். ஒரு மணி நேரம் ஓடும் டம்ப் இப்படித்தான் அநியாயமாக மாட்டிக்கொள்ளும். சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘ஓடுகிறது, இதுவரை இத்தனை எம்பி’ என்று எழுதும் ஒரு சிறு சுழற்சியைச் சேர்த்தால் போதும். இந்த வரிகள் செஷன் அறிக்கையிலேயே பதிவாகும் என்பது உபரி லாபம். பின்னாளில் டம்ப் எப்போது மெதுவானது என்று பார்க்க உதவும்.

யூனிக்ஸ் பக்கத்தில் பின்னணியில் ஏதாவது ப்ராசஸைக் கிளப்பினால், அதற்கு முன் அதன் உள்ளீடு, வெளியீடு எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். மூடாவிட்டால் ஸ்கிரிப்ட் முடிந்த பிறகும் அந்தப் பின்னணி ப்ராசஸ் முடியும் வரை செஷன் காத்துக்கிடக்கும். மேலே சொன்ன சுழற்சிக்கும் அதே கவனம் வேண்டும்: வேலை முடிந்ததும் அதை நிறுத்துங்கள்.

ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெசிஃபிகேஷனை ப்ரிவ்யூவில் (எதையும் எழுதாத ஒத்திகையில்) ஓட்டிப் பார்த்துப் பச்சை வந்தது என்று ஸ்கிரிப்ட்டை நம்பிவிடாதீர்கள். ப்ரிவ்யூவில் இயல்பாக ஸ்கிரிப்ட்கள் ஓடுவதே இல்லை.

ஐந்தாம் படி: பின் ஸ்கிரிப்ட், அதன் பொறுப்பு

ஸ்பெசிஃபிகேஷன் அளவிலான பின் ஸ்கிரிப்ட்டுக்கு மென்பொருள் சில சூழல் மாறிகளைக் கையில் கொடுத்து அனுப்புகிறது. செஷன்ஐடி என்பது பெயரிலேயே விளங்கும், டேட்டாலிஸ்ட் ஸ்பெசிஃபிகேஷனின் பெயர், மோட் ஃபுல்லா இன்கிரிமென்டலா என்பது. முக்கியமானது எஸ்எம்எக்ஸிட். 0 என்றால் வெற்றி. 10 என்றால் ஏஜென்ட்கள் முடித்தன, சில ஃபைல்களில் பிழை. 11 என்றால் ஒன்றோ பலவோ ஏஜென்ட்கள் தோல்வி, அல்லது உள் டேட்டாபேஸ் பிழை. 12 என்றால் எதுவுமே முடியவில்லை. 13 என்றால் செஷன் நிறுத்தப்பட்டது.

டம்ப் ஃபைலை அழிப்பது, ஆர்கைவ் லாகை நீக்குவது போன்ற திரும்பப் பெற முடியாத எதையும் இந்த எண்ணைப் பார்க்காமல் செய்யக் கூடாது. நான் 0 வந்தால் மட்டும் அழி என்றே வைத்திருக்கிறேன். 10 வந்தால் விட்டுவை, மனிதர் பார்க்கட்டும். டிஸ்க் ஒரு நாள் கூடுதலாக நிறைந்தால் போகட்டும்.

இப்போது அந்த நள்ளிரவுப் பிரச்சினை. இரவு 11:30-க்கு ஆரம்பித்த செஷனின் முன் ஸ்கிரிப்ட் அன்றைய தேதியில் டம்ப் ஃபைலை உருவாக்குகிறது. பின் ஸ்கிரிப்ட் ஓடும்போது மணி இரண்டு, தேதி மாறிவிட்டது. அது ‘இன்றைய’ ஃபைலைத் தேடும், கிடைக்காது. அல்லது அதைவிட மோசமாக, ‘நேற்றைய’ ஃபைலை அழி என்று எழுதியிருந்தால் இப்போதுதான் எடுத்த டம்ப்பையே தொடும். கடிகாரத்தைக் கேட்காமல் செஷன்ஐடியைக் கேட்டு ஃபைலுக்குப் பெயர் வைத்தால் இந்த வம்பே இல்லை. அதில் இருக்கும் சாய்வுக்கோடுகளை மட்டும் கீழ்க்கோடாக மாற்றிக்கொள்ளுங்கள். சர்வர்களில் சில யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடினால் இது இன்னும் அவசியம்: நமக்கு நள்ளிரவாகும்போது அவற்றுக்கு மாலை 6:30.

ஆரக்கிள் டேட்டாபேஸை ஹாட் பேக்கப் முறையில், அதாவது அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஸ்கிரிப்ட்டால் கையாள்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. முன் ஸ்கிரிப்ட் டேபிள்ஸ்பேஸ்களை (டேட்டா ஃபைல்களின் தொகுப்புகளை) பேக்கப் நிலையில் வைக்கிறது, பின் ஸ்கிரிப்ட் எடுத்துவிடுகிறது. நடுவில் யாரோ செஷனை அபார்ட் செய்தால்? அந்த நேரத்தில் பின் ஸ்கிரிப்ட் ஓடும் என்று நம்பி இருக்க முடியாது. டேபிள்ஸ்பேஸ்கள் அப்படியே நிற்கும், மாற்றங்களைப் பதியும் ரீடூ லாக் ஊதிக்கொண்டே போகும். காலையில் டேட்டாபேஸ் நிர்வாகி (டிபிஏ) அதை முறைப்படி மூடப் பார்த்தால் ஓஆர்ஏ-01149 என்று மறுக்கும். எனவே பேக்கப் நிலையில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடும் ஒரு சிறு ஸ்கிரிப்ட்டைப் பேக்கப் நேரம் முடிந்த பிறகு, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் தனியாக ஓட விடுங்கள். ஆரக்கிளின் சொந்த பேக்கப் கருவியான ஆர்மேன் வழியான இன்டிக்ரேஷன் இருந்தால் இந்தத் தலைவலியே வேண்டாம். ஹாட் பேக்கப் ஸ்கிரிப்ட்களை இன்னும் கட்டி அழுவதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் படி: காலை அறிக்கை

மென்பொருளின் நோட்டிஃபிகேஷன் வசதியிலேயே செஷன் முடிவு, மவுன்ட் ரிக்வெஸ்ட், டிரைவ் கோளாறு மூன்றுக்கும் மெயில் வைத்துவிடலாம். மவுன்ட் ரிக்வெஸ்ட்டுக்கு மட்டும் மெயில் போதாது. இரவு இரண்டு மணிக்கு யாரும் மெயில் பார்ப்பதில்லை, எஸ்எம்எஸ் போகும்படி ஸ்கிரிப்ட்டோடு இணையுங்கள்.

ஆனால் இந்த நோட்டிஃபிகேஷன்கள் எல்லாம் நடந்ததைப் பற்றித்தான் பேசும். ஓடாத செஷனுக்குத் தோல்வியும் கிடையாது, மெயிலும் கிடையாது. யாரோ ஷெட்யூலைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மறந்துபோனால் அந்த ஸ்பெசிஃபிகேஷன் சத்தமே இல்லாமல் பட்டியலிலிருந்து மறையும். இதற்கு ஒரு எளிய ஸ்கிரிப்ட் போதும். ஒவ்வொரு கிழமையும் எந்தெந்த ஸ்பெசிஃபிகேஷன்கள் ஓட வேண்டும் என்று கையால் எழுதிய ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு ஆம்னிடிபியிடம் கடந்த ஒரு நாளின் செஷன்களைக் கேட்டு, பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்டதை முதலிலும் தோற்றதை அடுத்தும் போட்டு ஒரே மெயிலாக அனுப்பட்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் மெயில் வர வேண்டும். ஒரு நாள் மெயிலே வரவில்லை என்றால் அதுவும் செய்திதான்.

கணக்குத் தரவு விடுபட்ட ஒரு நாள் வெறும் தொழில்நுட்ப விஷயம் இல்லை என்பதையும் மேலாளர்களுக்குச் சொல்லிவையுங்கள். நிறுவனச் சட்டத்தின் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் ஒரு திருத்தம் வந்தது. மின்னணு முறையில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்கிறது அது. முன்பு ‘குறிப்பிட்ட கால இடைவெளியில்’ என்றுதான் இருந்தது. ஆடிட்டர் கேட்டால் காட்ட வேண்டியது செஷன் பட்டியல்தான். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு லாக்களை 180 நாள் வைக்கச் சொல்கிறது. செஷன் செய்திகளை உங்கள் மென்பொருள் எத்தனை நாளில் அழிக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். குறைவாக இருந்தால் அறிக்கைகளைத் தினமும் வெளியே எடுத்து வையுங்கள்.

ஏழாம் படி: விடுமுறையும் புயலும்

கடலூரில் ஆலை, புதுச்சேரியில் அலுவலகம் என்று வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேஷமான சிக்கல். நவம்பர் 1 புதுச்சேரியின் விடுதலை நாள், அங்கே விடுமுறை. சில கிலோமீட்டர் தெற்கே கடலூரில் வேலை நாள், அதுவும் அக்டோபர் மாதக் கணக்கை மூடும் நேரம். செல் மேனேஜரில் இருக்கும் விடுமுறை ஃபைலில் அந்தத் தேதியைப் போட்டால், விடுமுறையை மதிக்கும் எல்லா ஷெட்யூலும் நிற்கும், கடலூருடையதும் சேர்த்து. புதுச்சேரியில் மட்டும் விடுமுறையான ஆகஸ்ட் 16-க்கும் இதே கதைதான். ஃபைலில் தேதி போடுவதற்குப் பதில், அன்றைக்கு டேப் மாற்ற ஆள் இல்லை என்ற உண்மையான பிரச்சினையைத் தீர்ப்பது நல்லது: முதல் நாளே லைப்ரரியில் காலி டேப்களை நிரப்பிவிட்டுப் போகலாம்.

புயல் அதைவிடப் பெரிய விஷயம். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. இரண்டு தேதிகளையும் பேக்கப் கண்ணோடு பாருங்கள். மாதக் கடைசி, பலருக்கும் மாதாந்திர ஃபுல் பேக்கப் ஓடும் நேரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் மாதக் கடைசியில் பல மணி நேரம் ஓடும் செஷனை வைத்திருப்பவர், வானிலை அறிக்கையையும் ஷெட்யூலின் ஒரு பகுதியாக எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

புயல் எச்சரிக்கை வந்ததும் செய்ய வேண்டியவற்றின் வரிசை முக்கியம். ஃபுல் பேக்கப்பை இரண்டு நாள் முன்னுக்கு இழுங்கள். அது முடிந்ததும் செல் மேனேஜரின் உள் டேட்டாபேஸைத் தனியாகப் பேக்கப் எடுங்கள். இதை விட்டுவிட்டால் டேப்கள் கையில் இருந்தும் எதில் எது இருக்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு டேப்பாகப் போட்டு இம்போர்ட் செய்ய நாள் கணக்கில் ஆகும். அப்புறம் டேப்களை வெளியே எடுத்து, நீர் புகாத பெட்டியில் போட்டு, ஊரைவிட்டு அனுப்புங்கள். கரை கடக்கும் இரவுக்கான ஷெட்யூல்களை நிறுத்திவையுங்கள். முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்துவது இங்கே வழக்கம். யூபிஎஸ்ஸில் டேப் டிரைவை ஓட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. நிறுத்திய ஷெட்யூல்களின் பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதி அறைக் கதவில் ஒட்டுங்கள், திரும்ப இயக்க மறந்துபோகாமல் இருக்கும்.

டேப்களை எங்கே அனுப்புவது? கடலூர்க்காரர் புதுச்சேரியிலும் புதுச்சேரிக்காரர் கடலூரிலும் இரண்டாம் பிரதி வைத்தால், ஒரே புயல் இரண்டையும் தொடும். உள்ளே தள்ளி விழுப்புரம் பாதுகாப்பு என்று நினைத்தவர்களையும் ஃபெஞ்சல் விடவில்லை, அந்த மாவட்டமும் வெள்ளத்தில் மிதந்தது. சேலம், கோயம்புத்தூர் என்று மேற்கே போவதுதான் சரி.

கரண்ட் போய் செல் மேனேஜர் திடீரென்று அணைந்திருந்தால், திரும்ப எழுந்த பிறகும் பழைய செஷன்கள் ‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்றே காட்டலாம். உண்மையில் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆம்னிடிபியூட்டில் கட்டளையின் கிளியர் விருப்பத்தை ஓட்டினால் அவை ஃபெயில்டு என்று மாறும். அதன் பிறகு புது செஷன்களைக் கிளப்புங்கள். முதல் செஷன் சிறியதாக, ஒரு ஃபோல்டர் அளவில் இருக்கட்டும். டிரைவ், நெட்வொர்க், ஏஜென்ட் மூன்றும் நலமாக இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

எட்டாம் படி: ரெஸ்டோர் செய்து பார்ப்பது

மாதம் ஒருமுறை, ஏதாவது ஒரு ஸ்பெசிஃபிகேஷனைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுங்கள். கடந்த வாரத்தின் செஷன் ஒன்றிலிருந்து ரெஸ்டோர் செய்யுங்கள், அசல் இடத்துக்கு வேண்டாம், தனி இடத்துக்கு. டேட்டாபேஸ் டம்ப் என்றால் அதை ஒரு சோதனைச் சர்வரில் ஏற்றி, கடைசி இன்வாய்ஸ் எண்ணைக் கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் காட்டி, ‘மேடம், அன்னிக்கு ராத்திரி வரைக்கும் இதுதான் கடைசியா?’ என்று கேளுங்கள். மேலே சொன்ன காலி ஜிசிப் ஃபைல் மாதிரியான விஷயங்கள் எந்த நோட்டிஃபிகேஷனிலும் வராது, இந்தக் கேள்வியில் வந்துவிடும்.

ரெஸ்டோருக்கும் செஷன் எண் உண்டு என்று பார்த்தோம். அந்த எண், எந்த பேக்கப் செஷனிலிருந்து எடுத்தது, எவ்வளவு நேரம் ஆனது, சரிபார்த்தவர் யார் என்ற நான்கையும் ஒரு ரெஜிஸ்டரில் எழுதி வையுங்கள். நேரம் முக்கியம். இஆர்பி நின்றுவிட்டால் எவ்வளவு நேரத்தில் திரும்ப வரும் என்று நிர்வாகம் கேட்கும் நாளில், அந்தப் பக்கத்தைத் திறந்து கடைசியாக எத்தனை மணி நேரம் ஆனது என்று பார்த்துச் சொல்லலாம்.